நாற்பத்தேழாம் எண் பொட்டலம்

போன சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு மளிகைக்கடை மாடியில் இளம் நிருபர்களான உங்களுக்கெல்லாம் பாதுகாப்புப் பயிற்சி நடந்ததே, அப்போது பின்வரிசையில் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்மணி நான்தான். பயிற்சி கொடுத்தவர் தலைக்கவசம் காட்டினார். கண்ணைக் காக்கும் கண்ணாடி காட்டினார். கண்ணீர்ப்புகை வந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கச் சொன்னார். இரத்த வகையைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளச் சொன்னார். வேலை தெரிந்த மனிதர், குறை சொல்வதற்கில்லை. முடிந்ததும் உங்களில் ஒரு பெண் எழுந்து, "ஆன்ட்டி, நீங்க முப்பது வருஷம் ஃப்ரீலான்ஸா இருந்தவங்க, எங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்" என்று கேட்டாள். முட்டி வலிக்கிறது, பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

முட்டி வலித்தது உண்மைதான். ஆனால் நான் இறங்கிப் போனது கோபத்தில். வாயைத் திறந்திருந்தால் அந்த நல்ல மனிதரின் முகம் வாடும்படி ஏதாவது சொல்லியிருப்பேன். இரண்டு மணி நேரம், அய்யா, இரண்டு முழு மணி நேரம். அதில் ஒரு வார்த்தையாவது நாம் படம் எடுக்கிறோமே, அந்த ஆட்களைப் பற்றி வந்ததா? உங்கள் தலை, உங்கள் கண், உங்கள் இரத்த வகை. கலவரம் என்பது நம்மைத் தாக்குவதற்காகவே நடக்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தீர்கள். தெம்பனிஸில் என் வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டே போனேன். வீட்டில் யாரிடம் கத்துவது? அதனால் எழுதுகிறேன்.

என் வேலை என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு எந்தப் பத்திரிகையிலும் மேசை இருந்ததில்லை. அக்கம்பக்கத்து நாடுகளில் ஊர்வலம், ஊரடங்கு, தேர்தல் தகராறு என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். எழுதுவேன், படமும் எடுப்பேன், யார் வாங்கிக்கொள்கிறார்களோ அவர்களுக்குக் கொடுப்பேன். கல்லடி பட்டிருக்கிறேன். இடது தோளில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைக் கேட்டால் நீங்கள் வாயைப் பிளப்பீர்கள். அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. கல் எறிந்தார்கள், நான் குனியவில்லை, அவ்வளவுதான்.

அதைவிட அன்று மாலை நடந்ததைச் சொல்கிறேன். நான் கல்லடி பட்ட அந்தத் தலைநகரில் போலீஸ் துரத்திய மாணவர்கள் ஆறேழு பேர் ஒரு தையற்கடைக்குள் ஒளிந்திருந்தார்கள். எல்லோரும் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். படம் எடுத்தால் பேசப்படும் என்று தோன்றியது, எடுத்தேன். அனுப்புவதற்கு முன் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்சுவரில் தைத்து முடித்த பள்ளிச் சீருடைகள் வரிசையாகத் தொங்கின. எந்தப் பள்ளிக்கு எந்தக் கடை தைக்கிறது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியும், போலீசுக்குத் தெரியாதா? அழித்துவிட்டேன். ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் கத்தினார், இரண்டு மாதம் என்னிடம் எதுவும் வாங்கவில்லை. போய்யா என்று விட்டுவிட்டேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாமல் இல்லை. படத்தின் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவள்தான் நான். அந்நிய ஊரில் அத்தனை விழிப்பாக இருந்தவள் சொந்த ஊரில் கோட்டை விட்டேன்.

சொந்த ஊரில் என்ன கலவரம் என்று கேட்பீர்கள். கலவரம் இல்லை. ஊர் ஓரத்தில் ஒரு தொழிலாளர் விடுதி. கட்டுமான வேலைக்கு வந்தவர்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களுக்குச் சாப்பாடு எப்படி வரும் தெரியுமா? நடு இரவில் எங்கோ ஒரு கூடத்தில் சமைத்து, பொட்டலம் கட்டி, விடியற்காலையில் கொண்டுவந்து விடுதி வேலியில் பிளாஸ்டிக் பைகளாக மாட்டிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு பையிலும் கறுப்பு மையில் ஒரு எண் இருக்கும். ஆளுக்கு ஒரு எண். வேலைக்கு லாரி ஏறும்போது தன் எண்ணைப் பார்த்து எடுத்துக்கொண்டு போகவேண்டும். மத்தியானம் வெயிலில் அதைப் பிரிக்கும்போது சோறு சமைத்துப் பத்து மணி நேரம் ஆகியிருக்கும். நீங்கள் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். சாம்பாரில் நுரை கட்டியிருக்கும்.

பல மாதம் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் ஒரே அறையில் நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு. கம்பெனி கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் நாற்பது பேர்போல் லாரியில் ஏறாமல் விடுதி முற்றத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை, ஒரு கல் பறக்கவில்லை. ஆனால் நம் ஊரில் அனுமதி இல்லாமல் நாற்பது பேர் சேர்ந்து தரையில் உட்கார்ந்தாலே அது அரசியல்தான். உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

அவர்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். அவருக்குக் குமரேசன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் பார்த்துப் பழக்கம். டாக்சி பிடித்துப் போய் வேலிக்கு வெளியே நின்றேன். அவர் உள்ளிருந்து வந்தார்.

"அக்கா, பேர் வேணாம், மூஞ்சி வேணாம். போட்டீங்கன்னா என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க."

"போட மாட்டேன். வாக்குக் கொடுக்கிறேன்."

வேலியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, கம்பிக்கு நடுவே இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். அப்போதே லேசாகப் புளித்த வாடை வந்தது. கையில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தார், அதைக் கழற்றச் சொன்னேன். மோதிரம் இருக்கிறதா, தழும்பு இருக்கிறதா என்று பார்த்தேன். பார்த்தீர்களா, எவ்வளவு கெட்டிக்காரி? பிறகு பையில் இருந்த எண்ணைப் பார்த்தேன். நாற்பத்தேழு.

"இது உங்க நம்பரா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா."

நிம்மதியாகப் படம் எடுத்தேன்.

அப்படியானால் யாருடைய நம்பர் என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு இரண்டு விநாடி ஆகியிருக்கும். அந்த இரண்டு விநாடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. அந்த எண் அங்கே இருப்பது நல்லதுதான் என்றுகூட நினைத்தேன். யாராவது தேடினால் வேறு திசையில் தேடட்டும் என்று. அந்த வேறு திசையில் ஒரு ஆள் இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெளிநாட்டு இணைய இதழ் ஒன்று கட்டுரையையும் படத்தையும் வாங்கிக்கொண்டது. அதன் ஆசிரியர் பொறுப்பான ஆள், முறைப்படி கேட்டார். எண்ணை வைத்து அந்தத் தொழிலாளியைக் கண்டுபிடிக்க முடியுமா என்றார். முடியாது, அது அவருடைய எண் இல்லை என்றேன். அப்படியானால் எண் இருக்கட்டும், அதுதான் படமே, மனிதனை எண்ணாக நடத்துகிறார்கள் என்பது அதில் தெரிகிறது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மனிதனை எண்ணாக நடத்துகிறார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் போனில் உச்சுக்கொட்டினோம், அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதை மறந்துவிட்டு. வியாழக்கிழமை வெளியாயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நீங்கதான் என் சாப்பாட்டைப் படம் எடுத்தீங்களா?"

"யாருங்க பேசறது?"

"நாப்பத்தேழு."

கையில் இருந்த கரண்டியை அடுப்பின் மேலேயே வைத்துவிட்டேன். அவருக்கு ரஃபீக் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். அறந்தாங்கிப் பக்கம். அவர் குரலில் கோபம் இல்லை. புரியாத கணக்கைக் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டார்.

"நான் அன்னிக்கு உக்காரவே இல்லக்கா. முதல் ஆளா லாரில ஏறிட்டேன். சண்டை நடக்குதேன்னு பொட்டலத்தைக்கூட எடுக்கல. மத்தியானம் பட்டினி. இப்ப ஆபீஸ்ல கூப்பிட்டு, படத்துல உன் நம்பர் இருக்கு, நீதான் பேட்டி கொடுத்தேன்னு சொல்றாங்க. நாளைக்கு மத்தியானம் பிளைட்டாம். ஞாயித்துக்கிழமை எனக்குப் பரீட்சை அக்கா."

என்ன பரீட்சை என்று கேட்டேன். பாதுகாப்பு மேற்பார்வையாளர் பரீட்சை. எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு துணிக்கடை மாடியில் நடக்கும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். மற்றவர்கள் திடலில் படுத்துக்கொண்டு ஊருக்குப் போன் பேசும் நேரத்தில் இவர் ஆங்கில வார்த்தைகளை மனப்பாடம் செய்திருக்கிறார். தேறிவிட்டால் சட்டையின் நிறம் மாறும், மண்வெட்டியைக் கீழே வைக்கலாம். அதற்காகத்தான் அன்றைக்கு அவர் உட்காரவில்லை. எந்த வம்பும் வேண்டாம் என்று ஓடிப்போய் முதல் ஆளாக ஏறியவர். அவரைத்தான் நான் பிடித்துக் கொடுத்திருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான்.

என் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

உடனே கம்பெனியின் ஆள்சேர்ப்பு மேலாளருக்குப் போன் செய்தேன். நம் ஊர்த் தமிழர்தான். குரலில் தேன் ஒழுகும், பேச்சின் முடிவில் நம் ஊர் 'லா' ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் படத்தில் இருப்பது நாற்பத்தேழாம் எண்காரரின் கை இல்லை, நான் நேரில் பார்த்தவள், எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

"மேடம், ஐ பிலீவ் யூ. நானும் அவன் நல்ல பையன்னுதான் நெனச்சேன். அப்போ யாரு கை? பேரைச் சொல்லுங்க, இப்பவே இவன் டிக்கெட்டை கேன்சல் பண்றேன். சிம்பிள் லா."

"அதைச் சொல்ல முடியாது."

"தென் வாட் கேன் ஐ டூ, மேடம்? மேல இருந்து ஒரு ஆளைக் கேக்கறாங்க. எனக்கு ஒரு ஆள் வேணும்."

ஒரு ஆள் வேணும். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் என்பதுகூட அவர்களுக்கு முக்கியமில்லை. சோறு புளித்துப்போனதற்கு ஒரு ஆளை விமானத்தில் ஏற்ற வேண்டும், கணக்கு நேராகிவிடும். இவர்களெல்லாம் மத்தியானம் ஏர்கான் அறையில் சூடாகச் சாப்பிடுகிறவர்கள்.

பிறகு குமரேசனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"சொல்லிடாதீங்கக்கா. வாக்குக் கொடுத்தீங்க."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். நான் சுவரைப் பார்த்து அவரைத் திட்டினேன். கோழை என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். எவ்வளவு அநியாயம் பாருங்கள். வாக்குக் கொடுத்தவள் நான், படம் எடுத்தவள் நான், எண் இருக்கட்டும் என்று விட்டவள் நான். பயப்படுவதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது.

இங்கேதான் தனியாக வேலை செய்வதன் நிஜமான ஆபத்து இருக்கிறது. மேசை உள்ளவனுக்குப் பக்கத்து மேசையில் ஒருத்தன் இருப்பான். என்னடா செய்யலாம் என்று கேட்கலாம், அவன் வேண்டாம் என்று கையைப் பிடிக்கலாம். எனக்கு யார் இருந்தார்கள்? வெளிநாட்டு ஆசிரியருக்கு எழுதினேன். வருந்துகிறேன், ஆனால் மூலத்தின், அதாவது தகவல் தந்தவரின், பெயரை எந்த நிலையிலும் வெளியிடக்கூடாது என்று பதில் வந்தது. சரியான பதில். ஆனால் அவர் ரஃபீக்கின் குரலைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் சாங்கி விமான நிலையத்துக்குப் பஸ் ஏறினேன். தெம்பனிஸிலிருந்து எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அந்தக் கொஞ்ச நேரத்தில் முடிவு செய்துவிட்டேன். தவறு செய்தது நான், உட்கார்ந்தது குமரேசன். இரண்டும் செய்யாத ஒருவன் போகக்கூடாது. மேலாளருக்கு ஒரு செய்தி தட்டினேன். குமரேசனின் நிஜப் பெயர், அவருடைய எண், மன்னிக்கவும் என்று ஒரு வார்த்தை. அனுப்பவில்லை. ரஃபீக்கை நேரில் பார்த்து, நீங்கள் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே அனுப்புவோம் என்று வைத்திருந்தேன். அதிலும் எனக்கு நல்ல பெயர் வேண்டியிருந்திருக்கிறது பாருங்கள்.

புறப்பாட்டுக் கூடத்தில் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு பேர், நடுவில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒல்லியான ஒருவர், கையில் ஒரு தடித்த புத்தகம். நான் யார் என்று சொன்னேன். கூட வந்தவர்களில் மூத்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம் லா, மேடம். போட்டோ கீட்டோ எடுத்தா எனக்கு வேலை போயிடும்."

கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அதைச் சொன்னேன். அவர் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

ரஃபீக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்புதான், கேட்காமல் விட்டேன் என்றேன். போனை எடுத்துக் காட்டினேன். "பேரை எழுதிட்டேன். அனுப்பினா உங்களை விட்டுடுவாங்க. மேனேஜரே சொன்னார்."

அவர் என் போனைப் பார்க்கவே இல்லை.

"ஆபீஸ்லயும் அதேதான் கேட்டாங்கக்கா. யார்கிட்ட பொட்டலத்தைக் கொடுத்தே, பேரைச் சொல்லு, திங்கட்கிழமை வேலைக்கு வான்னாங்க. தெரியாதுன்னுட்டேன்."

"உங்களுக்குத் தெரியாதுதானே?"

"தெரியாம என்ன? பக்கத்துக் கட்டில்தானே. உங்க நம்பரையே அவன்தான் கொடுத்தான். ராத்திரி பூரா அழுதுட்டு இருந்தான்."

"பின்ன ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னா அவன் போயிடுவான். நான் அந்தக் காலிக் கட்டில் பக்கத்துலதானே தெனமும் படுக்கணும்? அதுவும் அவன் என்ன பொய்யா சொன்னான்? சோறு புளிச்சுத்தானே இருந்துச்சு. நானும் எட்டு மாசமா அதைத்தானே தின்னேன், வாயைத் திறக்காம." பிறகு என் போனைப் பார்த்துச் சொன்னார்: "அதை அழிச்சிடுங்கக்கா. தெரியாம விரல் பட்டுடப் போகுது."

அழித்தேன். வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவள், மூலத்தைக் காப்பது பற்றி மேடையில் பேசியவள், ஒரு பஸ் பயணத்தில் காட்டிக்கொடுக்கத் தயாராகிவிட்டேன். எந்தப் பத்திரிகை வகுப்புக்கும் போகாத ஒருவர், எந்த வாக்கும் கொடுக்காத ஒருவர், தன் எட்டு மாதத்தை விட்டுக்கொடுத்து அந்தப் பெயரை வாய்க்குள் வைத்திருந்தார்.

எனக்கு இன்னொரு வழி தெரியும். கடவுச்சீட்டைச் சோதிக்கும் குடிநுழைவுக் கவுண்டரில், நான் விரும்பிப் போகவில்லை, என்மேல் வீண்பழி, புகார் கொடுக்கவேண்டும் என்று அதிகாரியிடம் சொன்னால் நிறுத்தி விசாரிப்பார்கள். அதைச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"விசாரணைன்னு வந்தா மறுபடியும் அதே கேள்விதான் வரும், யாருன்னு. எனக்குப் பொய் சொல்ல வராதுக்கா. ஒருதரம் எப்படியோ சொல்லிட்டேன். இன்னொருதரம் சொன்னா மூஞ்சி காட்டிக்கொடுத்துடும்."

மூத்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். ரஃபீக் கையில் இருந்த புத்தகத்தை என்னிடம் நீட்டினார். வகுப்பில் கொடுத்த புத்தகம். ஓரமெல்லாம் பென்சிலில் தமிழில் அர்த்தம் எழுதியிருந்தது. "இதைத் திருப்பிக் கொடுத்துடுங்கக்கா. இல்லைன்னா நான் தூக்கிட்டுப் போயிட்டேன்னு நெனப்பாங்க" என்றார். போய்விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், நானும் கையைத் தூக்கினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. துணிக்கடை மாடிக்குப் போனேன். பரீட்சைக்கு ஆட்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், ஒவ்வொருவர் கையிலும் அதே புத்தகம். பொறுப்பாளரிடம் கொடுத்தேன். அவர் பட்டியலில் பெயரைத் தேடி, புத்தகம் வந்துவிட்டது என்று ஒரு கோடு போட்டார். தேர்வுக்கு வரவில்லை என்று இன்னொரு கோடு. ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

இப்போது உங்களுக்குப் பிடித்த பகுதி. அந்தப் படத்துக்கு ஒரு பாராட்டு கிடைத்தது. சான்றிதழில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ஆபத்தான சூழலில் மூலத்தின் அடையாளத்தை முன்மாதிரியாகப் பாதுகாத்தமைக்காக. வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் வாங்கினேன். கைதட்டினார்கள், சிரித்தேன். வீட்டுக்கு வந்து புடவையை மடிக்கும்போதுதான் அழுகை வந்தது. உங்களிடம் நல்லவள் வேஷம் போட எனக்கு இந்த வயதில் தெம்பு இல்லை.

நான்கைந்து மாதம் கழித்து அந்தக் கம்பெனி சாப்பாட்டு ஏற்பாட்டை மாற்றியது. மத்தியானச் சோறு மத்தியானமே சூடாக வேலை இடத்துக்கு வந்தது. தொழிலாளர் நலனில் எங்கள் அக்கறை என்று செய்திக் குறிப்பு அனுப்பினார்கள், எனக்கும் வந்தது. தேன்குரல் மேலாளர் ஒரு பொட்டலத்தைக் கையில் ஏந்திச் சிரிக்கிற படம். பெரிதாக்கிப் பார்த்தேன். பையில் எண் இருந்த இடத்தைப் பட்டை போட்டு மறைத்திருந்தார்கள். அயோக்கியர்கள், எனக்குத் தெரியாமல் போனது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே பிள்ளைகளே, தலைக்கவசம் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த பயிற்சியில் அந்த நல்ல மனிதரிடம் எழுந்து நின்று கேளுங்கள். நம்மிடம் பேசியவரைக் காப்பாற்றச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், சரி, நம்மிடம் பேசாதவரை யார் காப்பாற்றுவது என்று கேளுங்கள். படத்தில் இருக்கும் செருப்பு யாருடையது, சைக்கிள் யாருடையது, கொடியில் காயும் சட்டை யாருடையது? பேசியவருடையது இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். அங்கேதான் நான் நிம்மதியானேன்.

இதை எழுதலாமா என்று கேட்கப் போன மாதம் ரஃபீக்குக்குப் போன் செய்தேன். ஊரில்தான் இருக்கிறார், கொத்து வேலை. திரும்பி வர இரண்டுமுறை முயன்று முடியாமல் போயிற்று. பின்னால் கலவை இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"எழுதுங்கக்கா, அதுக்கென்ன. ஒண்ணு மட்டும். அந்த நம்பரைப் போட்டுடாதீங்க."

"இத்தனை வருஷம் ஆச்சே, ரஃபீக். இனிமே உங்களை யாரு என்ன பண்ணப்போறாங்க?"

"நான் வந்துட்டேன்க்கா. நம்பர் அங்கதானே இருக்கு. இப்ப வேற யாராவது அந்த நம்பர்ல சாப்பிட்டுட்டு இருப்பான்."

மாற்றிவிட்டேன். நாற்பத்தேழு அவருடைய எண் அல்ல. வேறு யாருடையதும் அல்ல. அந்த விடுதியில் நாற்பத்தேழு என்று ஒரு எண்ணே கிடையாது. இந்தமுறை ஆளை விட்டு விசாரித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.